முளைக்காத விதை நெல்: தூங்குகிறதா, செத்துவிட்டதா?

பெரும்போகத்தில் வெட்டிய நெல்லையே சிறுபோகத்துக்கும் விதையாக வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் நம்மில் பலர் அப்படித்தான். மாசியில் வெட்டு, பங்குனியில் காயப்போட்டு மூட்டை கட்டுவது, சித்திரையில் குளத்துத் தண்ணீர் திறந்ததும் விதைப்பு. இடையில் கிடைப்பது சில கிழமைகள்தான். அந்த நேரத்தில் ஒரு பிடி நெல்லை ஊறப்போட்டுப் பார்த்தால் நூற்றுக்கு முப்பதோ நாற்பதோதான் முளைக்கும். உடனே "விதை பழுதாப் போச்சு" என்று முடிவு கட்டி, அதை ஆலைக்கு ஏற்றிவிட்டு, கடன்பட்டாவது வெளியில் விதை வாங்குவார்கள். ஆலைக்குப் போன அந்த நெல்லில் பாதிக்கு மேல் உயிரோடு இருந்திருக்கலாம். அது உறங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

உறங்கும் நெல்லையும் செத்த நெல்லையும் வெளியில் பார்த்துப் பிரிக்க முடியாது. ஆனால் ஒரு பழைய துவாயும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம், உறங்குவதை எழுப்பவும் செய்யலாம். அதற்கு முதல் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நல்லது. தெரியாமல் செய்தால் யாராவது சொன்னதைக் கேட்டு எதையாவது வாங்கி ஊற்றுவோம்.

நெல்மணியை உடைத்துப் பார்த்தால் காம்புப் பக்கத்தில் ஓரமாக ஒட்டியிருக்கும் சின்னத் துண்டுதான் முளையம். மற்றதெல்லாம் அதற்கான சாப்பாடு, அதாவது மாப்பொருள் நிறைந்த வித்தகவிழையம். அந்த மாவைச் சுற்றி மெல்லிய தோல் மாதிரி ஒரு படை இருக்கிறது, அலூரோன் படை. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போவது இதுதான். மாவில் இருக்கும் செல்கள் செத்தவை, அலூரோன் செல்கள் உயிருள்ளவை. முளையம் விழித்ததும் ஜிபரெலின் என்ற ஓமோனை உருவாக்கி அலூரோன் படைக்கு அனுப்புகிறது, அங்கே அல்பா அமைலேசு என்ற நொதியம் சுரக்கிறது, அது மாவைச் சீனியாக உடைக்கிறது, அந்தச் சீனியைத் தின்றுதான் முளை வளர்கிறது. வயல் சொந்தக்காரரான போடியார் ஆள் அனுப்பிச் சொன்னால்தான் களஞ்சியம் திறக்கும் என்பது மாதிரி. ஆள் வராவிட்டால் நெல் உள்ளேயே கிடக்கும்.

ஆளைத் தடுத்து நிறுத்துவது இன்னொரு ஓமோன், அப்சிசிக் அமிலம். கதிரில் மணி முற்றும் காலத்தில் தாய்ப்பயிரிலும் மணியிலும் இது உருவாகி மணிக்குள் சேர்கிறது. இதன் வேலை, முளையம் அவசரப்பட்டுக் கதிரிலேயே முளைத்துவிடாமல் பார்ப்பது. மணி காயத் தாக்குப்பிடிப்பதற்கான ஏற்பாடுகளும் இதன் பொறுப்புத்தான். சோளனில் இந்த ஓமோனை உருவாக்க முடியாத, அல்லது உருவாக்கினாலும் அதை உணர முடியாத சில மரபுப் பிறழ்வுகள் இருக்கின்றன. அவற்றில் கதிர் செடியில் நிற்கும்போதே மணிகள் பச்சை முளை விடும். அப்சிசிக் அமிலம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

ஆக, இரண்டுக்கும் இடையில் இழுபறி. இதில் பலர் தவறாக விளங்கிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. காய்ந்த நெல்லில் அப்சிசிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, நனைந்த பிறகு அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதும், முளையம் அதற்கு எவ்வளவு பணிகிறது என்பதும்தான் முக்கியம். பார்லியில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: உறங்கும் மணியிலும் உறக்கம் தெளிந்த மணியிலும் காய்ந்த நிலையில் இதன் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் பட்டு சில மணித்தியாலங்கள் போனதும், உறக்கம் தெளிந்த மணியில் அதை உடைக்கும் நொதியம் மும்முரமாகி அளவு சடாரென்று விழுகிறது, உறங்கும் மணியில் அப்படி விழுவதில்லை. இதனால்தான் ஜிபரெலின் வாங்கி ஊற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எப்போதும் பலிப்பதில்லை. தடுப்பு விலகாமல் தள்ளிக்கொண்டேயிருந்து என்ன பயன்?

இன்னொன்று உமி. நெல்லின் உறக்கத்தில் உமிக்கும் பெரிய பங்கு இருக்கிறது. அது உள்ளே போகும் ஒட்சிசனைக் குறைக்கிறது. பார்லியில் கண்டது, ஒட்சிசன் குறைந்தால் முளையம் அப்சிசிக் அமிலத்துக்கு இன்னும் அதிகமாகப் பணிகிறது என்று. போதாததற்கு உமியிலேயே முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, மோமிலாக்டோன் என்ற ஒன்றை 1973இல் ஜப்பானில் நெல் உமியிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். உமியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகும் சோதனை முழுக்க இதை நம்பித்தான் நிற்கிறது.

உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. நோன்பு காலத்தில் காய்ச்சுவோமே கடற்பாசி, அதைச் சீனி போடாமல், ஒரு தேக்கரண்டி அரிசிமா கலந்து காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றி உறைய விடுங்கள். உறக்கம் தெளிந்த பழைய விதை நெல் சிலதை எடுத்து கையால் உமி நீக்குங்கள். கடை அரிசி வேண்டாம், அதில் முளையமும் அலூரோனும் தீட்டும்போதே போயிருக்கும். ஒவ்வொரு மணியையும் பிளேட்டால் குறுக்கே இரண்டாக வெட்டி, முளையம் உள்ள பாதியை ஒரு பக்கமும் இல்லாத பாதியை மற்றப் பக்கமும், வெட்டிய முகம் கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டு நாள் மூடிவைத்து, மணிகளை எடுத்துவிட்டு, பாமசியில் விற்கும் அயடீன் கரைசலைத் தண்ணீர் விட்டு மேலே ஊற்றினால் மாப்பொருள் உள்ள இடமெல்லாம் கருநீலமாகும். முளையம் இருந்த பாதிகளைச் சுற்றி மட்டும் நிறமில்லாத ஒரு வட்டம் தெரியும், அங்கே மாவை அமைலேசு தின்றுவிட்டது. மற்றப் பாதிகளின் அடியில் கருநீலம் அப்படியே இருக்கும், அங்கேயும் அலூரோன் இருக்கிறது, ஆனால் ஓமோன் அனுப்ப முளையம் இல்லை. (எச்சில் பட்ட விரலால் தொட்டால் அங்கேயும் வட்டம் வரும், நம் எச்சிலிலும் அமைலேசு இருக்கிறது. பிள்ளைகள் கவனம்.) முளையமில்லாத பாதிக்கு ஜிபரெலின் கொடுத்தால் அதுவும் மாவை உடைக்கத் தொடங்கும் என்பதை 1960இல் ஜப்பானில் யோமோ, அவுஸ்திரேலியாவில் பாலெக் என்ற இருவர், ஒருவர் செய்ததை மற்றவர் அறியாமலே, பார்லியில் காட்டினார்கள். அதோடு அப்சிசிக் அமிலத்தையும் சேர்த்தால் வேலை நின்றுபோகும் என்பது அதே பத்தாண்டுக்குள் தெரியவந்தது.

சரி, இனி மூட்டைக்கு வருவோம்.

முதலில் சோதனை

ஒரு மூட்டையின் வாயில் இருந்து மட்டும் அள்ளாதீர்கள். நாலைந்து மூட்டையில், மேல், நடு, அடி என்று கையை விட்டு எடுத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இருநூறு மணி எண்ணுங்கள். நல்ல மணியாகப் பொறுக்கினால் சோதனையே பொய். ஈரத் துவாய் அல்லது தடித்த கடதாசியில் வரிசையாகப் பரப்பி, பாய் சுருட்டுவது போல் தளர்வாகச் சுருட்டி, ஒரு பேணியில் நிமிர்த்தி வைத்து, மேலே சொப்பிங் பேக் ஒன்றைக் கவிழ்த்துவிடுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், காற்று வேண்டும். துவாய் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. நம் ஊர் வெப்பத்துக்கு அறைக்குள் வைத்தாலே போதும்.

அதே நாளில், அதே கலவையிலிருந்து இன்னொரு ஐம்பது மணியை எடுத்துக் கையாலேயே உமி நீக்குங்கள். நகத்தால் நுனிப் பக்கத்திலிருந்து பிரித்தால் வரும், காம்புப் பக்கம் முளையம் இருப்பதால் அங்கே அமுக்கக் கூடாது. சலிப்பான வேலைதான், ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். இந்த ஐம்பதையும் ஒரு தட்டில் ஈரக் கடதாசியின் மேல் வைத்து மூடுங்கள். உமி இல்லாத மணியில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும், ஆகவே சுத்தமான தட்டு, சுத்தமான தண்ணீர்.

உமி நீக்கியதை நாலாம் நாள் பாருங்கள். சுருளை ஐந்தாம் நாள் ஒரு தரம் பிரித்து வேரும் குருத்தும் ஒழுங்காக வந்ததை எண்ணி எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி சுருட்டி வையுங்கள். விதை ஆய்வுகூடங்களில் நெல்லுக்குப் பதினாலாம் நாள்தான் கடைசிக் கணக்கு. விதைக்கிற அவசரத்தில் நமக்கு ஏழாம் நாளே பெரும்பாலும் கதையைச் சொல்லிவிடும்.

உமியோடு 40 வீதம், உமி இல்லாமல் 90 வீதம் முளைத்தால் உங்கள் நெல்லுக்கு உயிர் இருக்கிறது, தூங்குகிறது. இரண்டும் 40 என்றால் மிச்சம் செத்துவிட்டது, வெயிலில் போட்டும் பலனில்லை, ஆலைக்கு அனுப்பலாம். இரண்டும் 90 என்றால் எழுப்புகிற வேலையே தேவையில்லை.

முளைக்காமல் கிடப்பவற்றையும் விரலால் அமுக்கிப் பாருங்கள், இது எனக்கு எண்ணிக்கையைவிட நம்பிக்கையான சாட்சி. செத்த மணி ஒரு கிழமை ஈரத்தில் கிடந்ததும் சொதசொதவென்று அமுங்கும், உமியின் வாயில் பால் மாதிரி ஒன்று கசியும், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் புளித்த வாடை, பெரும்பாலும் சாம்பல் நிறப் பூஞ்சணமும் பிடித்திருக்கும். உறங்கும் மணி போட்ட அன்றைக்குப் போலவே கெட்டியாக, சுத்தமாக இருக்கும், நகம் இறங்காது. உயிருள்ள மணி தன்னைப் பூஞ்சணத்திடமிருந்து காத்துக்கொள்கிறது.

எழுப்புவது எப்படி

உறக்கம் தானாகவும் தெளியும். காய்ந்த நெல்லை வைத்திருந்தாலே நாளாக ஆக அது போய்விடும், இனத்தைப் பொறுத்து சில கிழமையும் ஆகும், இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். மாசியில் வெட்டியதைப் புரட்டாதி, ஐப்பசியில் புழுதி விதைப்புக்கு எடுப்பவர்களுக்கு உறக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. அவர்களுடைய கவலை, அதற்கிடையில் ஈரமும் சூடும் பட்டு விதை செத்துப்போகாமல் பார்ப்பதுதான். சித்திரையில் விதைக்கிறவருக்குத்தான் நேரம் போதாது.

நேரத்தைச் சுருக்குவது சூடு. 1960களில் ஈ. எச். ரொபர்ட்ஸ் என்ற ஆய்வாளர் நெல்லை வைத்தே இதைக் கணக்குப் பார்த்தார். காய்ந்த நெல்லில் வெப்பநிலை 10 பாகை கூடும் ஒவ்வொரு தரமும் உறக்கம் தெளிகிற வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 27 பாகையில் எட்டுக் கிழமை, அதாவது 56 நாள் எடுக்கிற நெல்லுக்கு 37 பாகையில் 19 நாள் போதும், 47 பாகையில் ஆறு நாள் சொச்சம். ஆய்வுகூடங்களில் நெல் விதையை 50 பாகை அடுப்பில் நாலைந்து நாள் வைத்து எழுப்புவதன் காரணம் இதுதான்.

நம்மிடம் அடுப்பு இல்லை, பங்குனி வெயில் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது, சூடு காட்டுவதற்கு முதல் நெல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 13 வீதத்துக்குக் கீழே. நெல் வாங்குகிற இடங்களில் ஈரமானி இருக்கும், ஒரு பிடி கொண்டுபோய்ப் பாருங்கள், பல்லில் கடித்தால் டக்கென்று உடைகிறது என்பது பரவாயில்லாத அடையாளம்தான், ஆனால் விதைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். வெட்டு மெசினிலிருந்து வந்த ஈர நெல்லை நேரே கடும் சூட்டில் போட்டால் எழுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது, ஈரத்தோடு சூடு சேர்ந்தால் முளையம் வெந்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் காலை வெயிலும் மாலை வெயிலும் காட்டி, அடிக்கடி கிளறி, மெதுவாகக் காயவிடுங்கள். அதற்குப் பிறகுதான் சூடு.

காய்ந்த நெல்லைக் கறுப்புப் படங்கில் மூன்று நாலு சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்பி, அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் காலால் கிளறுங்கள். நெல்லுக்குள் ஒரு வெப்பமானியைச் செருகி வையுங்கள், அது 45க்கும் 50க்கும் இடையில் நிற்பது நல்லது, 50ஐத் தாண்டினால் தடிப்பாகக் கூட்டிவிடுங்கள் அல்லது நிழலுக்கு இழுத்துவிடுங்கள். பொழுது சாயும்போது சூடு ஆறுவதற்குள் குவித்து, படங்கால் மூடுங்கள், இரவுப் பனியும் படாது, சூடும் கொஞ்ச நேரம் நிற்கும். வெயிலில் ஒரு நாளில் சில மணித்தியாலம்தான் இந்தச் சூடு கிடைக்கும், ஆகவே ஆய்வுகூடத்தின் ஐந்து நாள் நமக்கு ஒரு கிழமை, பத்து நாளாக நீளும். இடையில் ஒரு தரம் துவாய்ச் சுருள் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள், 40 இருந்தது 70க்கு ஏறியிருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள்.

தார் வீதியில் காயப்போடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பாட்டு நெல்லுக்கு நீங்களும் பொலிசும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். விதை நெல்லுக்கு வேண்டவே வேண்டாம். நடுப்பகலில் தார் 60 பாகையைத் தாண்டும், அடியில் கிடக்கிற மணி வறுபட்டுப் போகும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மருந்து வழிகளும் உண்டு. ஆய்வுகூடங்களில் ஐதான நைத்திரிக் அமிலத்தில், 0.1 நோமல் செறிவில், ஒரு நாள் ஊறவைப்பார்கள், நெல்லுக்கு அது நன்றாக வேலை செய்யும். செறிந்த அமிலத்தைப் போத்தலில் வாங்கி வந்து வளவுக்குள் வாளியில் கலக்குகிற வேலை வீட்டுக்கு உகந்ததல்ல, தோலும் கண்ணும் போகும், தகர வாளியும் போகும். அந்த வழிதான் வேண்டுமென்றால் விவசாயப் போதனாசிரியரைக் கூட்டிக்கொண்டு செய்யுங்கள். ஜிபரெலின் தூளும் சின்னப் பைக்கற்றுகளில் கிடைக்கிறது. பார்லியை முளைக்கவைத்து மோல்ட் ஆக்கும் ஆலைகள் அதைப் பயன்படுத்துகின்றன, அங்கே அதற்கு அர்த்தம் இருக்கிறது. நமக்கு, என் அபிப்பிராயத்தில், காசு நட்டம். அளவு கூடினால் நாற்று வெளிறி, ஈர்க்கில் மாதிரி நெடுத்து விழும்.

அப்படி நெடுத்து விழுகிற நோயிலிருந்துதான் ஜிபரெலினையே கண்டுபிடித்தார்கள் என்பது இன்னொரு கதை. நாற்று அசாதாரணமாக உயர்ந்து வெளிறிச் சாகும் பக்கானே என்ற நெல் நோயை ஆராய்ந்த குரோசாவா, 1926இல், ஒரு பூஞ்சணம் சுரக்கும் பொருள்தான் பயிரை அப்படி நெடுக்க வைக்கிறது என்று தாய்வானில் காட்டினார். 1935இல் யபுதா அந்தப் பொருளுக்கு ஜிபரெலின் என்று பெயர் வைத்தார். பிறகுதான் பயிரே தனக்குத் தேவையான அளவு இதைத் தானாக உருவாக்குகிறது என்று தெரியவந்தது. ஜிபரெலினைப் பயிர் எதைக் கொண்டு உணர்கிறது என்ற கேள்விக்கும் 2005இல் நெல்லிலேயே பதில் கிடைத்தது. ஒரு ஓமோனின் கதை நோயில் தொடங்கி இவ்வளவு தூரம் நெல்லோடேயே ஓடியிருப்பது எனக்குப் பிடித்த விசயம். உங்கள் வயலில் தனியாக நெடுத்து வெளிறி நிற்கிற பயிரைக் கண்டால் பிடுங்கி எரியுங்கள், அந்த வரவையில் விதைக்கு நெல் எடுக்காதீர்கள், அந்தப் பூஞ்சணம் விதையோடு வரும்.

ஊறவைப்பது

இதை எல்லோரும் செய்கிறோம், ஆகவே சுருக்கமாக. சாக்கில் அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்பிக் கட்டுங்கள், நெல் ஊதும். 24 மணித்தியாலம் தண்ணீரில். தேங்கிய தண்ணீர் என்றால் இரண்டு தரமாவது மாற்றுங்கள், புதுத் தண்ணீரோடு ஒட்சிசன் வருகிறது, உமியிலிருந்து கரைந்த தடுப்புப் பொருட்களும் போகின்றன. ஓடுகிற வாய்க்காலில் போட்டால் அந்த வேலை மிச்சம். பிறகு எடுத்து வடியவிட்டு, நிழலில் வைக்கோலால் மூடி ஒன்றிரண்டு நாள். இந்த நேரம் முளையம் மூச்சு விடுகிற சூட்டிலேயே குவியல் கொதிக்கும், கையை உள்ளே விட்டால் பொறுக்க முடியாத சூடு என்றால் உடனே கலைத்துத் தண்ணீர் தெளியுங்கள். உறக்கத்தை எழுப்பக் காய்ந்த நெல்லுக்குக் காட்டிய சூடு வேறு, ஊறிய நெல்லின் சூடு வேறு, முந்தியது எழுப்பும், பிந்தியது கொல்லும்.

அவசரத்தில் தண்ணீரிலேயே மூன்று நாள் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீருக்கடியில் ஒட்சிசன் இல்லாமலும் நெல்லால் முளைக்க முடியும், தானியங்களில் இது அபூர்வமான திறமை, ஆனால் அப்போது குருத்து உறை மட்டும் வெள்ளையாக நீளும், வேர் வராது. பார்க்க முளைத்த மாதிரி இருக்கும், சேற்றில் விழுந்ததும் பிடிப்பில்லாமல் மிதக்கும்.

முளைப்பு வீதம் 85க்குக் குறைவாக இருந்தும் அதையே விதைக்க வேண்டிய நிலை வந்தால் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். ஏக்கருக்கு இரண்டு புசல் என்று வைத்தால், 70 வீதம் முளைக்கிற விதைக்கு இரண்டை 85ஆல் பெருக்கி 70ஆல் பிரியுங்கள், ஏறக்குறைய இரண்டரைப் புசல் வரும். 60க்குக் கீழே போனால் நான் விதைக்க மாட்டேன், மிஞ்சியிருப்பதும் வலுவில்லாத நாற்றாகத்தான் வரும்.

மறுபக்கம்: முளைக்கக் கூடாத இடத்தில் முளைப்பது

இவ்வளவு நேரம் உறக்கத்தைக் குற்றவாளி மாதிரிப் பேசிவிட்டேன். தை மாதம் கதிர் முற்றி நிற்கும்போது மழை விட்டுவிட்டுப் பெய்கிற வருசத்தில்தான் அதன் அருமை தெரியும். 2011 தை, மாசி வெள்ளத்தை நம் மாவட்டங்களில் வேளாண்மை செய்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாய்ந்த பயிரின் கதிர் தண்ணீரில் தொட்டுக்கொண்டு கிடந்தால், உறக்கம் குறைந்த இனம் என்றால், சில நாளிலேயே கதிரில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஈரம் நீடிக்க நீடிக்க அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்கிறது, ஜிபரெலின் கை ஓங்குகிறது, அமைலேசு மாவைத் தின்னத் தொடங்குகிறது. அந்த நெல்லைக் குத்தினால் நொறுங்கும், சோறு குழையும்.

அதனால் உறக்கமே இல்லாத இனம் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நெல் இன விருத்தி செய்கிறவர்களுக்கு இது பழைய தலையிடி: உறக்கம் கூடினால் அடுத்த போகத்துக்கு முளைக்காது, குறைந்தால் கதிரிலேயே முளைக்கும். 2010இல் எஸ்.டி.ஆர். 4 என்ற மரபணுவை நெல்லில் அடையாளம் கண்டார்கள், உறக்கம் ஆழமான கசலத் என்ற இண்டிக்கா இனத்துக்கும் உறக்கம் குறைந்த நிப்பொன்பாரே என்ற ஜப்பானிய இனத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும் பங்கு அதற்கு இருக்கிறது. ஒரே இனத்தை எல்லா வயல் கண்டத்திலும் போடாமல், மழைக்கு மாட்டக்கூடிய பள்ளக் கண்டங்களுக்கு உறக்கம் கூடிய இனத்தை ஒதுக்குவது புத்தி. எந்த இனம் எப்படி என்று உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், அல்லது வெட்டிய அன்றைக்கே துவாய்ச் சுருளில் போட்டுப் பாருங்கள், குறைவாக முளைக்கிற இனம்தான் மழையைத் தாங்கும்.

வெட்டுக்கு ஒரு கிழமை பத்து நாளுக்கு முதல் தண்ணீரை வடித்துவிடுங்கள். கதிரில் 85 வீத மணி பொன்னிறமானால் வெட்டலாம், கடைசிப் பச்சை மணியும் பழுக்கட்டும் என்று காத்திருந்து மழையிடம் கொடுக்காதீர்கள். சாய்ந்து நனைந்த பகுதியைத் தனியாக வெட்டுவியுங்கள், அதிலிருந்து விதைக்கு எடுக்கவே வேண்டாம். முளை வெளியில் தெரியாத மணியிலும் உள்ளே வேலை தொடங்கியிருக்கும், அதைத் திரும்பக் காயவைத்து மூட்டை கட்டினால் சீக்கிரமே உயிர் போய்விடும். வெட்டிய ஈர நெல்லை இரவு முழுக்கக் குவியலாக விடுவதும் அதே தவறு.

கடைசியாகக் களை நெல். பன்றி நெல் என்கிறோமே, அதன் உறக்கம் நம் விதை நெல்லைப் போல இரண்டு மாதத்தில் தெளிந்துபோகும் உறக்கமல்ல. உதிர்ந்த மணிகள் மண்ணுக்குள் ஆழமாகப் போனால் போகம் கடந்தும் காத்திருக்கும், ஒவ்வொரு தரம் உழும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து முளைக்கும். அதன் அரிசி பெரும்பாலும் சிவப்பாக இருப்பதற்கும் உறக்கத்துக்கும் உறவு உண்டு, மணியின் தோலுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிற அதே மரபணு அப்சிசிக் அமிலத்தையும் கூட்டுகிறது என்று 2011இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே நிலத்தை நனைத்து, முளைத்ததை உழுது அழித்துவிட்டு விதைக்கிற முறையை ஒரு தரம் செய்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தத் தரம் விழித்திருந்ததுதான் முளைத்திருக்கும். இரண்டு மூன்று போகம் தொடர்ந்து செய்ய வேண்டும், வெட்டியதும் ஆழமாக உழுது மணிகளைப் புதைக்காமல் மேல் மண்ணிலேயே கிடக்க விட்டு வெயில் காட்ட வேண்டும், பறவைகளும் எலியும் கொஞ்சத்தைத் தின்று தீர்க்கும். அடுத்த வயலில் வெட்டிவிட்டு வருகிற மெசினை உங்கள் கண்டத்துக்குள் இறக்குவதற்கு முதல் கூட்டித் துடைக்கச் சொல்லுங்கள், சாரதி முணுமுணுத்தாலும் பரவாயில்லை.